முக்காலி வைத்தும் படம் ஆடுகிறதா? லென்சுக்கு லென்ஸ் கூர்மை பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

"அண்ணே, முக்காலி வெச்சுத்தான் எடுத்தேன். அப்புறமும் ஏன் மங்கலா இருக்கு?"

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தையில் கல்யாணப் படமும் கோயில் திருவிழாப் படமும் எடுத்துப் பிழைக்கிற என்னிடம் பையன்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. (பெஸ்தாரி ஜெயா என்று ஊர்ப் பெயர் மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. வாயில் வருவது இன்னும் பழைய பெயர்தான்.) கேட்பவர்கள் கையில் நல்ல கேமரா இருக்கும், லென்சும் மோசமில்லை. முக்காலியை விரித்து வைத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நம்பியதுதான் கோளாறு.

முக்காலி நிறுத்துவது நம் கை நடுக்கத்தை மட்டும். ஷட்டரை அமுக்கும் விரல், கேமராவுக்குள் எகிறும் கண்ணாடி, காற்று, மிதித்தால் அதிரும் தரை, பழக்குலை ஏற்றிப்போகும் லோரி எல்லாம் அப்படியே இருக்கின்றன. இவற்றில் எது உங்கள் படத்தைக் கெடுக்கிறது என்பது லென்சைப் பொறுத்தது. அகலமாகக் காட்டும் 16 மி.மீ. லென்சில் படம் ஒரே ஒரு பிக்சல் நகரும் அளவு ஆட்டம், தூரத்தை இழுத்துக் காட்டும் 400 மி.மீ. லென்சில் 25 பிக்சல் நகர்த்திவிடும். அதே கால், அதே தரை, அதே விரல்தான். அதனால் இந்த வழிகாட்டியை முக்காலி வாரியாகப் பிரிக்காமல் லென்ஸ் வாரியாகப் பிரித்திருக்கிறேன்.

முதலில் ஒரு நாளிதழை எடுங்கள்

காசு செலவழிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.

பழைய தமிழ் நாளிதழின் ஒரு பக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் அலமாரித் தட்டுக்கு விரித்திருந்த தமிழ் நேசன் கிடைத்தது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன பத்திரிகை, எனக்கு இப்படி உதவியது. பக்கத்தைச் சுவரில் நான்கு மூலையும் ஒட்டித் தட்டையாக்குங்கள். இனி நீங்கள் பார்க்கப்போவது செய்தியை அல்ல, மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியை. 'க்', 'ன்', 'ம்' என்று வரிக்கு வரி அச்சடித்த புள்ளிகள் கிடைப்பதால், கூர்மை பார்க்கத் தமிழ்ப் பக்கத்தைப் போல வசதியான அட்டை வேறில்லை.

தூரத்தை லென்சின் குவியத் தூரத்தைப்போல் (லென்சில் எழுதியிருக்கும் அந்த மி.மீ. எண்) ஏறக்குறைய 40 மடங்கு வையுங்கள். 50 மி.மீ. லென்சுக்கு 2 மீட்டர், 100-க்கு 4 மீட்டர், 200-க்கு 8, 400-க்கு 16 மீட்டர். பதினாறு மீட்டருக்கு எங்கே போவது என்று நான் யோசித்தபோது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் முன்வாசல் ஞாபகம் வந்தது. கோடியில் தாளை ஒட்டிவிட்டு இந்தக் கோடியில் நின்றேன். 24 மெகாபிக்சல் கேமராவில் இந்தத் தூரத்தில் ஒரு புள்ளி இரண்டு மூன்று பிக்சல் அளவுதான் விழும். கொஞ்சம் ஆடினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி வரிசையாக எடுங்கள். முதல் படம் 1/500 வினாடி வேகத்தில், ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் அளவு) எவ்வளவு ஏற்ற வேண்டுமோ அவ்வளவு ஏற்றி. இது உங்கள் அளவுகோல். ஆட்டமே இல்லாவிட்டால் இந்த லென்ஸ் எப்படி வரையும் என்று இது சொல்லும். அடுத்து ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கி, 1/15 வேகத்தில் விரலால் அமுக்கி ஒன்று. அதே 1/15-இல் 2 வினாடி டைமர் போட்டு ஒன்று, 10 வினாடி டைமர் போட்டு ஒன்று. நடுத்தண்டை முழுக்க உயர்த்தி ஒன்று, இறக்கி ஒன்று. நடுக்கத் தடுப்பை (கை நடுக்கத்தை ஈடுகட்ட லென்சிலோ கேமராவிலோ இருக்கும் வசதி) அணைத்து ஒன்று, போட்டு ஒன்று.

எல்லாவற்றையும் கணினித் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் புள்ளிகளைப் பாருங்கள்.

புள்ளி மேலும் கீழுமாக இழுபட்டுச் சின்னக் கோடாகத் தெரிந்தால் கண்ணாடியோ ஷட்டரோ தட்டுகிறது, அல்லது நீங்கள் அழுத்தி அமுக்குகிறீர்கள். பக்கவாட்டில் இழுபட்டால் காற்று, இல்லையென்றால் கேமரா உட்காரும் முக்காலித் தலை சரியாக இறுகவில்லை. ஒரு புள்ளி இரண்டாகத் தெரிந்தால் கேமராவுக்கு அடியில் இருக்கும் பிளேட் தளர்ந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக உப்பி, இட்லி மாதிரி இருந்தால் அது ஆட்டமே இல்லை, ஃபோகஸ் தவறியிருக்கிறது. முக்காலியைத் திட்டிப் பயனில்லை.

என்னிடம் வந்த பையன்களில் பாதிப் பேருக்கு இட்லிப் புள்ளிதான் வந்தது.

காலும் தலையும்

நான் முதலில் வாங்கிய முக்காலி மெல்லிய அலுமினியக் கால், பிளாஸ்டிக் தலை. ஒரு தோட்டத்துத் தீமிதிக்குக் கொண்டுபோனேன். உயரம் வேண்டுமென்று நடுத்தண்டை முழுக்க ஏற்றி, 70-200 லென்சை மாட்டிக் காத்திருந்தேன். பூக்குழியில் முதல் ஆள் கால் வைத்த நேரத்தில் தண்டு மெல்ல மெல்லக் கீழே வழுக்கிக்கொண்டே போயிற்று. அன்றைக்கு எடுத்த முப்பது சொச்சம் படங்களிலும் சனங்களின் இடுப்புதான் கூர்மை.

அதில் கற்றுக்கொண்டது இது. முக்காலி எவ்வளவு கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது உடையாமல் தாங்கும் எடை. ஆடாமல் தாங்கும் எடை அல்ல. உங்கள் கேமராவும் மிகப் பெரிய லென்சும் சேர்ந்து எவ்வளவோ, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தாங்கும் முக்காலியைப் பாருங்கள். நடுத்தண்டை உயர்த்தாமலே கேமரா உங்கள் கண்ணுக்குக் கிட்டே வர வேண்டும். கால் மூன்று மடிப்பாக இருந்தால் நல்லது. நான்கைந்து மடிப்புள்ளவை பைக்குள் அடங்கும், ஆனால் கடைசி மடிப்பு விரல் தடிமன்கூட இருக்காது. கார்பன் கால் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், விலைதான் உறைக்கும். அலுமினியம் வாங்கினால் தலைகுனிய வேண்டியதில்லை; காற்றில் அதன் எடையே ஒரு பலம்.

தலையில் 'பால் ஹெட்' என்பது பந்து வைத்த தலை. (எங்கள் அம்மாவிடம் "பால் ஹெட் வாங்கினேன்" என்று சொன்னபோது, இருபது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அவர், "ரப்பர் விலை ஏறிடுச்சா?" என்று கேட்டார்.) சாதாரண வேலைக்கு அது போதும். தூரத்தை இழுக்கும் பெரிய டெலி லென்சைப் பந்துத் தலையில் வைத்துக் கொஞ்சம் தளர்த்தினால் ஒரு பக்கமாகக் கவிழும், விரல் மாட்டினால் நசுங்கும். பறவை எடுப்பவர்கள் ஊஞ்சல் மாதிரி லென்சைத் தொங்கவிடும் கிம்பல் தலை வைத்திருப்பது அதனால்தான்.

கேமரா அடியில் மாட்டும் பிளேட்டைப் பலர் கவனிப்பதில்லை. அந்த 1/4 அங்குலத் திருகைக் காசு வைத்தோ சாவி வைத்தோ நன்றாக இறுக்குங்கள். ரப்பர் மெத்தை ஒட்டிய பிளேட் வேண்டாம். நம் வெயிலில் அது இளகி, கேமரா அதன்மேல் மிதக்க ஆரம்பித்துவிடும்.

நிறுத்துவது எப்படி

தடித்த மேல் மடிப்பை முதலில் இழுங்கள், மெல்லிய கீழ் மடிப்பைக் கடைசியில். உயரம் போதுமென்றால் கடைசி மடிப்பைத் தொடவே வேண்டாம்.

ஒரு காலை லென்ஸ் பார்க்கும் திசைக்கு நேராக வையுங்கள். முன்பாரத்தை அது தாங்கும், மற்ற இரண்டு கால்களுக்கு நடுவில் நீங்கள் தட்டாமல் நிற்கலாம். சரிவான இடத்தில் இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். ஈய லம்பத்துக் கரையில் (ஈயம் தோண்டிய பழைய சுரங்கக் குட்டை) விடியற்காலைப் படம் எடுக்கப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். அந்த மணல் சரிவில் ஒரு கால் வழுக்கினால் கேமரா குட்டைக்குள்தான்.

அடுத்து தரை. கோலா சிலாங்கூர் பக்கம் நிறையச் செம்பனை நிலம் கரிமண், அழுகிய தாவரம் பல காலம் படிந்து உண்டானது. மேலே உறுதியாகத் தெரியும். பக்கத்தில் ஒருவர் நடந்தால் மெத்தையில் நடப்பதுபோல் அதிரும். கூர்மையான முள்கால் வைத்தால் ஒரு சாண் இறங்கி, நீங்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் இறங்கும். நான் மூன்று மைலோ டின் மூடிகளைப் பையில் வைத்திருக்கிறேன். மூடியைக் கவிழ்க்காமல் தட்டு மாதிரி வைத்து, அதன் நடுவில் காலை வைத்து, கையால் மூன்று முறை அழுத்தி இருத்திவிட்டு, இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். அதன்பிறகு கூட வந்தவர்களையும் நடக்க விடாதீர்கள்.

செம்மண் சாலை ஓரத்தில் வைத்தால் லோரி கடந்து, தூசி அடங்கும்வரை ஷட்டரைத் தொடாதீர்கள். கோயில் மண்டபத்தில் பிரச்சினை வேறு: விளக்கெண்ணெய் சிந்திய தரை ஓட்டில் ரப்பர் கால் வழுக்கும். ஒரு துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

காற்றடித்தால் நடுத்தண்டின் கொக்கியில் பையை மாட்டச் சொல்வார்கள். மாட்டலாம். ஆனால் பை அந்தரத்தில் தொங்கி ஆடினால் அதுவே முக்காலியை ஆட்டும். பையின் அடி தரையைத் தொட்டபடி இருக்கட்டும். கேமராவின் தோள்வாரைக் கழற்றிவிடுங்கள். காற்றில் அது படபடத்து அடிப்பதை 200 மி.மீ. லென்சில் பார்த்தால் பயந்துபோவீர்கள்.

கேமராவுக்குள் மாற்ற வேண்டியவை

கண்ணாடி உள்ள கேமரா என்றால், படம் எடுக்கும் நொடியில் கண்ணாடி மேலே அடிக்கும் அதிர்ச்சி 1/60 வேகத்துக்கும் 1 வினாடிக்கும் இடையில்தான் அதிகம் தெரியும். அதைவிட வேகமென்றால் அதிர்வு பதியும் முன் ஷட்டர் மூடிவிடும். பத்து இருபது வினாடி திறந்திருந்தால் ஆரம்பத்து அதிர்வு மொத்த ஒளியில் சிறு பங்காகிக் கரைந்துவிடும். இடைப்பட்ட வேகங்களில் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதியைப் போடுங்கள், அல்லது லைவ் வியூவில் எடுங்கள். மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி இல்லை, ஆனாலும் ஷட்டர் திரையே தட்டும். முதல் திரையை மின்னணு முறைக்கு மாற்றுங்கள். முழு மின்னணு ஷட்டருக்குப் போனால் மண்டபத்துக் குழல்விளக்கில் படத்தில் பட்டை பட்டையாக விழலாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. சாதாரண ஷட்டரை 1/100-இலோ 1/50-இலோ வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

ரிமோட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டைமர். எத்தனை வினாடி என்பதை உங்கள் நாளிதழ்ச் சோதனை சொல்லும். என் முக்காலியில் 50 மி.மீ. லென்சுக்கு 2 வினாடி போதும், 400-க்கு 2 வினாடியில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

நடுக்கத் தடுப்பை முக்காலியில் அணைத்துவிடுங்கள் என்பது பொது விதி. பழைய லென்ஸ்களில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடி, தானே ஆட்டும். புதியவை சில, முக்காலியில் இருப்பதைத் தாமே கண்டுகொள்ளும். உங்களுடையது எந்த வகை என்று சோதனைப் படங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

லென்சின் ஒளித்துளை: எஃப் 8. (எண் ஏற ஏறத் துளை சுருங்கும்.) நகராத பொருளுக்குப் பெரும்பாலான லென்ஸ்கள் அங்கேதான் நன்றாக வரையும். "முக்காலி இருக்கே" என்று எஃப் 22-க்குப் போகாதீர்கள். துளை சுருங்கச் சுருங்க ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுக்க லேசாக மழுங்கும். அதை ஆட்டம் என்று நினைத்து முக்காலியை மாற்றியவரை நான் பார்த்திருக்கிறேன்.

அகல லென்ஸ்: கோயிலும் லயமும்

10 முதல் 24 மி.மீ. வரையுள்ள லென்ஸ்கள் ஆட்டத்தைப் பெருந்தன்மையாக மன்னிக்கும். இங்கே முக்காலியின் வேலை மட்டம் பிடிப்பது. கேமராவை அண்ணாந்து வைத்தால் கோயில் தூண்கள் உள்பக்கமாகச் சாயும். தூணின் பாதி உயரத்துக்குக் கேமராவை ஏற்றி, முன்பின் மட்டத்தையும் பக்க மட்டத்தையும் பார்த்து வையுங்கள். மேலே தூக்கிப் பார்க்க நேர்ந்தால் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு எடுத்து, பிறகு கணினியில் நிமிர்த்தலாம்.

ஃபோகஸைக் கையால் வையுங்கள். சிறிய சென்சார் (ஏபிஎஸ்-சி) கேமராவில் 16 மி.மீ., எஃப் 8 என்றால், 1.6 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தாலே 80 செ.மீ. தொடங்கி அடிவானம்வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். முன்னால் பலிபீடம், பின்னால் கருவறை இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் அதிகமென்பதால் கணினியில் சேர்ப்பதற்கு ஷட்டரை மட்டும் மாற்றி மூன்று படம் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு ஒளி) இடைவெளி. பூசாரியிடம் முதலில் கேளுங்கள். கருவறைக்குள் எடுக்கக்கூடாது என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

எடுத்து முடித்ததும் படத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். முக்காலியின் சொந்தக் காலே அங்கே நிற்கும். எல்லாருக்கும் ஒரு முறையாவது நடக்கும்.

கேமராவோடு வரும் 18-55

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜூம் செய்த பிறகு ஃபோகஸ் வையுங்கள். வைத்துவிட்டு ஜூம் செய்தால் ஃபோகஸ் நகர்ந்துவிடும். எஃப் 8-இல் முக்காலியில் வைத்து எடுத்தால் இந்த மலிவு லென்ஸ் பலரைத் தலைகுனிய வைக்கும்.

50 மி.மீ.: பழைய படங்களைப் பிரதி எடுக்க

நான் மனசு வைத்துச் செய்யும் வேலை இது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களிடம் டிரங்குப் பெட்டிக்குள் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கும் தொழிலாளர்கள், தோட்டப் பள்ளியின் வகுப்புப் படம், ஸ்டூடியோவில் வரைந்த மாடிப்படி முன்னால் புதுமணத் தம்பதி. கைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல், நடுவில் விளக்கு வெளிச்சம். முக்காலியும் 50 மி.மீ. லென்சும் இருந்தால் அச்சடித்துச் சட்டம் போடும் அளவுக்குப் பிரதி எடுக்கலாம்.

படத்தைத் தரையிலோ மேசையிலோ வைக்காமல், சுவரில் ஒட்டிய ஓர் அட்டையில் நான்கு மூலையையும் தாள் முக்கோணத்துக்குள் செருகி நிறுத்துவது எனக்குச் சுலபம். பசை, ஒட்டுநாடா எதுவும் படத்தில் படக்கூடாது. இனி மிக முக்கியமானது: சென்சாரும் படமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கண்ணளவில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்கும் சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் படத்தின் நடுவில் தட்டையாக வையுங்கள். கேமரா திரையில் அந்தக் கண்ணாடிக்குள் உங்கள் லென்சே தெரியும். லென்சின் வட்டம் திரையின் நட்டநடுவில் வரும்வரை முக்காலியை நகர்த்துங்கள், தலையைத் திருப்புங்கள். வந்துவிட்டால் இணை பிடித்துவிட்டீர்கள். கண்ணாடியை எடுத்துவிட்டு, படத்தில் இருக்கும் ஒரு கண்ணையோ சேலைக் கரையையோ பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் வையுங்கள்.

இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒரே மாதிரி விளக்கு. மின்விசிறியை நிறுத்துங்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, டைமர். வேகம் அரை வினாடியாக இருந்தாலும் கவலை இல்லை, எதுவும் நகரப்போவதில்லை. பெட்டிக்குரியவர் நாற்காலியை இழுக்காமல் இருந்தால் சரி.

ஒரு பாட்டி கொண்டுவந்த வகுப்புப் படத்தை இப்படி எடுத்துத் திரையில் பெரிதாக்கினேன். குழந்தைகளுக்குப் பின்னால் கரும்பலகை. அசல் படத்தில் வெள்ளைக் கீறலாகத் தெரிந்தது, இங்கே 'அணில், ஆடு, இலை' என்று படிக்க முடிந்தது. 'அணில்' தலையில் புள்ளி இருந்தது. "வாத்தியார் கையெழுத்துப்பா அது," என்று சொல்லிவிட்டுப் பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் குனிந்தார்.

மேக்ரோ: மங்கில் விழும் பால்

எங்கள் பக்கம் செம்பனைதான் எங்கும். இருந்தும் சிறு தோட்டக்காரர்கள் சிலர் ரப்பர் வைத்திருக்கிறார்கள். மரத்தில் கட்டிய மங்கு என்னும் கிண்ணத்தில் பால் விழும். விடிவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆகவே வெளிச்சம் சரியாக வராத நேரத்தில், நின்று நிதானமாக எடுக்க வேண்டிய படம்.

சின்னப் பொருளைப் பெரிதாக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்சில் பொருளை அதன் நிஜ அளவில் பதிக்கும்போது, எஃப் 8-இல் கூர்மை நிற்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்தான். வெட்டுக் கோட்டில் திரண்டு நிற்கும் பால்துளியின் முன்விளிம்பு கூர்மை என்றால் பின்னால் மரப்பட்டை போய்விடும். இங்கே லென்சின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் வேலை ஆகாது. தோராயமாக வளையத்தை வைத்துவிட்டு, கேமராவை மொத்தமாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அதற்கென்று முக்காலித் தலைமேல் பொருத்தும் சறுக்குத் தண்டு கிடைக்கிறது. முழுத் துளியும் வேண்டுமென்றால் அரை மில்லிமீட்டர் நகர்த்தி நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்துக் கணினியில் சேர்க்கலாம். ஓடும் பாலில் அது பலிக்காது. உறைந்த பாலில், பட்டையில், பூச்சியின் கூட்டில் பலிக்கும்.

மங்கு முழங்கால் உயரத்தில் இருக்கும். நடுத்தண்டைக் கழற்றித் தலைகீழாகச் செருகினால் கேமரா கால்களுக்கு இடையில் தொங்கும், அந்தத் தாழ்ந்த உயரம் கிடைக்கும். எல்லாம் தலைகீழாகத் தெரியும், பழகிவிடும். கொசுவத்தியைக் காற்று வரும் பக்கத்தில் வைக்காதீர்கள். புகை படத்துக்குள் வரும்.

டெலி லென்ஸ்: இங்கேதான் முக்காலியின் குணம் தெரியும்

200 மி.மீ.-க்கு மேல் போனதும் இதுவரை சொன்ன எல்லாக் குறைகளும் சேர்ந்து வந்து நிற்கும். 150-600 ஜூம் இரண்டு கிலோ பக்கம் இருக்கும். அதைக் கேமராவின் அடியில் மாட்டினால் முன்பாரம் இழுத்து, இறுக்கிய பிறகும் படம் மெல்லக் கீழே சரியும். லென்சைச் சுற்றியிருக்கும் வளையத்தின் பாதத்தைத்தான் முக்காலியில் மாட்ட வேண்டும். மாட்டியதும் தலையைத் தளர்த்தி, லென்சை முன்னும் பின்னும் நகர்த்தி, கை விட்டால் அப்படியே நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் பிளேட்டில் ஒரு கோடு கீறிவையுங்கள், இருட்டில் உதவும்.

செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூகைகளுக்குக் கம்பத்தில் மரப்பெட்டி வைத்திருப்பார்கள். ஏழேகால், ஏழரைக்குச் சூரியன் விழுந்த கையோடு கூகை பெட்டி வாசலில் வந்து உட்காரும். சில நிமிடம் அசையாமல் இருக்கும், பிறகு பறந்துவிடும். நிர்வாகத்தின் அனுமதியோடு, பெட்டியிலிருந்து தள்ளி, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும்.

ஒளி இருக்கும்போதே போய் நிறுத்துங்கள். கால்களைக் குட்டையாக வைத்து உட்கார்ந்து எடுங்கள். முக்காலி எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு உறுதி. பெட்டியின் ஓரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் வைத்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். இருட்டில் அது தேடித் தேடி, பறவை போன பிறகுதான் கண்டுபிடிக்கும். லென்சின்மேல், வளையத்துக்கு நேர் மேலே, ஒரு கிலோ பச்சைப்பயறு அடைத்த துணிப்பையைப் படிய வையுங்கள். தைக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை. அந்த ஒரு கிலோ விழுங்கும் அதிர்வைப் பார்த்தால் விலை கூடிய தலையை வாங்கும் ஆசை பாதி குறையும். ரிமோட்டில் எடுங்கள், கையை எடுத்துவிடுங்கள். நான் 400 மி.மீ.-இல் 1/15 வரை இறங்கி எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு படம் தொடர்ந்து எடுப்பேன். பறவை மூச்சு விடும், தலை திருப்பும், ஒன்றில் நின்றிருக்கும்.

பறக்கும் கொக்கை எடுக்க நேர்ந்தால் முறை தலைகீழ். தலையைக் கொஞ்சம் தளர்த்தி, இடது கையை லென்சின்மேல் வைத்து, கண்ணை வியூஃபைண்டரில் அழுத்தி, 1/1000-க்குக் குறையாமல் எடுங்கள். இங்கே முக்காலி எடையைச் சுமக்கிறது, அவ்வளவுதான்.

பகல் பத்து மணிக்கு மேல் தார்ச்சாலைக்கு மேலாகவோ திறந்த வெளிக்கு மேலாகவோ 400 மி.மீ.-இல் பார்த்தால் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். கானல் அது. எந்த முக்காலியும் அதை நிறுத்தாது. காலையில் போங்கள், அல்லது கிட்டே போங்கள்.

இரவு: மின்மினியும் நட்சத்திரமும்

கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மினுக்குவதைப் பார்க்கப் படகில் போவார்கள். அங்கே முக்காலியோடு படகில் ஏறும் ஆளைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். படகு ஆடினால் முக்காலியும் சேர்ந்து ஆடும். படகில் கண்ணால் பாருங்கள், கேமராவை மடியில் வையுங்கள். எடுக்க வேண்டுமென்றால் அசையாத கரையிலிருந்து, 24 மி.மீ. அகல லென்ஸ், துளையை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓ 1600, 15 முதல் 30 வினாடி. மரப்பலகைப் படித்துறை வேண்டாம்; ஒருவர் நடந்தால் போதும், பலகை ஆடி எல்லாம் கோடாகும். ஃபிளாஷ் கூடவே கூடாது.

நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை வினாடி திறக்கலாம் என்பதற்கு 500-ஐக் குவியத் தூரத்தால் வகுக்கச் சொல்வார்கள். 24 மி.மீ. லென்சுக்கு 20 வினாடி. சிறிய சென்சார் என்றால் அதை 1.5-ஆல் இன்னொரு முறை வகுக்க வேண்டும், 13 வினாடிதான் வரும். நான் அதிலும் குறைத்துத்தான் வைப்பேன். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நம் தலைக்கு மேலே போகும் நட்சத்திரங்கள் வானத்திலேயே அதிகத் தூரம் நகர்பவை. துருவ நட்சத்திரமோ அடிவானத்துக்கு மேல் மூன்று நான்கு பாகைக்குள், செம்பனை மட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். குளிர்நாட்டுக்காரர் சொன்ன கணக்கு அவர்கள் வடக்கு வானத்தில் காட்டும் தயவை நமக்குக் காட்டாது.

திருவிழாக் கூட்டத்தில்

தைப்பூசத்தில் காவடிக்கு நடுவே மூன்று காலை விரித்தால் யாராவது தடுக்கி விழுவார்கள். ஒற்றைக் கால் கொண்டுபோங்கள், அல்லது ஐஎஸ்ஓவை ஏற்றிக் கையில் எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டால் வியர்க்காது. லென்சை ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் உள்ள பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், அதன்பிறகு எந்தப் புள்ளியும் தெரியாது. முக்காலியை யாரும் கவனிப்பதில்லை. கரிமண் புளிப்பானது, கால் பூட்டுக்குள் புகுந்தால் அரித்துவிடும். கீழ் மடிப்பை முழுக்க இழுத்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, பூட்டுகளைத் தளர்த்தி, விரித்தபடியே காற்றோட்டத்தில் நிறுத்துங்கள். மைலோ மூடி மூன்றும் பையில் திரும்ப வந்துவிட்டனவா என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அடிக்கடி ஒன்று குறையும், சமையலறையில் கிடைக்கும்.